அப்பாவுக்கு ஏற்ற பெல்ட்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். என் பையன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அந்த அறை என் வசம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கிழக்கே ஒரு ஜன்னல். என் வீட்டுக்காரர், உன் மாமா, எழுந்து டீ கேட்கும்வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் செய்வதில்லை. கல்யாணமானதிலிருந்து சும்மா உட்கார ஓர் இடம் தேடியவளுக்கு அதுவே பெரிய வேலையாக இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இடது கை எப்படி இருக்கிறது? விரல்கள் மடங்குகின்றனவா? உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றதா?

கேட்டதற்கு வருகிறேன். மே கடைசியில் பிரசவம், அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று மாதம் அப்பா என்னோடு இருக்கட்டும் என்கிறாய். இதைக் கேட்க ஏன் இரண்டு பக்கம் தயங்கினாய்? எனக்கும் அவர் அப்பாதானே. தாராளமாக வரட்டும். ஆனால் உன் காரில் எப்படி அழைத்து வருவாய்? நாள் முழுக்க ஓட வேண்டிய தூரம். பக்கவாதம் வந்ததிலிருந்து இடப்பக்கமாகச் சாய்கிறார், இடுப்பு நழுவி முன்னால் சறுக்குகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிச் சறுக்குகிறவருக்குச் சாதாரண சீட் பெல்ட்டின் குறுக்குப் பட்டை கழுத்துக்கு ஏறிவிடும். எனக்கு அந்தப் பயம்தான். வேறு பயம் ஒன்றும் இல்லை. முதலில் பெல்ட்டுக்கு ஒரு வழி பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு, சோடாபுட்டி எழுதுவது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுகிறேன், நீ வைத்த பெயர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இங்கே சுகம். இவளுக்கு வாந்தி நின்று இப்போது பசி பிடித்திருக்கிறது. அப்பாவின் விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா சொன்னால்தான் மடங்கும், நான் சொன்னால் மடங்காது.

நீ போனில் பேசினால் அவருக்குப் பதில் சொல்ல வார்த்தை வராமல் கண் கலங்கிவிடுகிறது. அதனால் கடிதமே எழுது. நான் சத்தமாக வாசிக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். போன கடிதத்தில் “தாராளமாக வரட்டும்” என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் பிடித்துப் படுக்க வைத்து அனுப்பிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வலது கையால் கட்டிலை ஓங்கித் தட்டினார். “படு... மாட்டேன். முன்... சீட்டு.” முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், கூரையைப் பார்த்துக்கொண்டு வரமாட்டாராம்.

பெல்ட் விஷயம். கார் சாமான் விற்கிற கடையில் ரேஸ் காரில் போடுகிற நாலு முனை பெல்ட் ஒன்று பார்த்தேன். இரண்டு தோளிலும் பட்டை, நடுவில் கொக்கி, நல்ல சிவப்பு. “சார், வண்டியே கவுந்தாலும் ஆளு அசைய மாட்டாரு” என்றார் கடைக்காரர். எங்கள் சீட்டிலேயே வைத்து மாட்டிப் பார்த்தோம். அப்பா ராக்கெட்டில் போகிறவர் மாதிரி இருந்தார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், வலது பக்கத்தால். நீ சரி என்றால் வாங்கிவிடுகிறேன்.

மாமாவையும் மருமகனையும் கேட்டதாகச் சொல்.
தம்பி

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா சிரித்ததாக நீ எழுதியிருந்ததை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

சிவப்பு பெல்ட் வேண்டாம். கவிழ்ந்தாலும் அசைய மாட்டார் என்பதுதான் அதில் கோளாறே. பந்தயக் காருக்குள் கூரையைத் தாங்க இரும்புக் கூண்டு இருக்கும். உன் கார் கவிழ்ந்தால் கூரை அமுங்கும். சாதாரண பெல்ட் என்றால் ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் சாயலாம், இது நட்டமாக நிறுத்தி வைக்கும். அப்புறம், தோள் பட்டைகளைப் பின்னால் தரையில் கொண்டுபோய் முடுக்கியிருப்பார்கள். மோதும்போது அவை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். கால் நடுவே பட்டையும் இல்லை. சறுக்குகிறவர் பட்டைக்கு அடியில் போய்விடுவார், இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். வயிற்றில் தாங்க எலும்பு கிடையாது. இதையெல்லாம் விடு, சாலையில் ஓட்ட ஒப்புதல் முத்திரை அதில் இருக்காது. இருக்கிற பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் வண்டிப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சினந்து எழுதுவதாக நினைக்காதே. பெல்ட்டை இழுத்து அறுத்துச் சோதிப்பதே என் பிழைப்பு. எங்கள் லேபில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. ஒரு பெல்ட் தேறியது என்று எழுத ஒரு கையெழுத்து போதும். தள்ளுபடி என்று எழுத இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தள்ளுவதில் கை தாராளம் என்று முதலாளிக்கு எண்ணம், அதனால் வந்த விதி. பக்கத்து மேசைக்காரர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர், நான் தள்ளியதை மறுபடி இழுத்துப் பார்ப்பார். “உங்க கையில மாட்டுனா எதுவுமே பாஸாகாதும்மா” என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

வேறு பார். அவசரப்பட வேண்டாம், நாள் இருக்கிறது.
அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

அனைவரும் சுகம் என்று எழுத ஆசை. இவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. எதையும் தூக்காதே, குனியாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதுவரை அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகும்போது பின் சீட்டில் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இவள்தான் வருவாள். இனி எத்தனை நாள் முடியுமோ தெரியவில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் அப்பாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் பிசியோ அம்மாவிடம், “பொண்ணு... பெல்ட்டு... இழுப்பா” என்றார். அந்த அம்மா, “அடப்பாவமே, இந்த வயசுல உங்களை பெல்ட்டால அடிப்பாளா?” என்று கேட்க, இவர் கோபமாக இல்லை இல்லை என்று தலையை ஆட்ட, நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போனேன். பெரிய கார் ஒன்றின் பெல்ட் கிடைத்தது. அகலமான பட்டை. நீ சொன்ன ஒப்புதல் முத்திரையும் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் (என்னிடம் அதற்குப் பஞ்சமா?). வண்டிக்கு முன்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது, பெல்ட்டில் ஒரு கீறல் கூட இல்லை. இதைப் போடலாமா?

தம்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அவளைப் படியேற விடாதே. கால்களைத் தலையணை மேல் வைத்துப் படுக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல், உன் பேச்சைவிட என் பேச்சைக் கேட்பாள்.

முன்பக்கம் நசுங்கிய வண்டியின் பெல்ட் என்றால் அது ஒரு மோதலைத் தாங்கிவிட்டது. வெளியே கீறல் தெரியாது. உள்ளே நூல் நீண்டுபோயிருக்கும். ஒரு தடவை ஓர் உயிரைப் பிடித்த பெல்ட் இன்னொரு தடவை பிடிக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். முத்திரை இருந்தாலும் வேண்டாம். தவிர, அகலம் அப்பாவைச் சாயாமல் நிறுத்தாது.

நீ ஒவ்வொரு கடையாக அலைவதால் என்ன தேட வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது ஒரு வேலை, மோதலில் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைக் காரின் சொந்த பெல்ட்தான் செய்ய வேண்டும். அதைக் கழற்றவே கூடாது. முதல் வேலைக்கு, உடல் தளர்ந்தவர்களுக்காகவே கையில்லாத சட்டை மாதிரி ஒன்று செய்கிறார்கள். சீட்டின் முதுகில் கட்டுவது, கால் நடுவே பட்டை உள்ளது. காரில் வைத்துச் சோதித்தது, காரின் பெல்ட்டோடு சேர்த்தே அணிய வேண்டும் என்று அதில் தைத்த அட்டையில் இருக்க வேண்டும். தாங்கும் எடை, செய்தவர் பெயர், வரிசை எண் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் கிடைப்பது கஷ்டம்தான்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். அவர் உடம்பு முக்கியம், அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.
அக்கா

மார்ச் 17

அக்கா! கிடைத்துவிட்டது!

சக்கர நாற்காலி விற்கிற கடையில் இருந்தது. நீ எழுதியது எல்லாம் அப்படியே இருக்கிறது. கால் நடுவே பட்டை, சீட்டின் முதுகில் கட்டுவது, காரின் பெல்ட்டோடு சேர்த்தே அணிய வேண்டும் என்ற எச்சரிக்கை. தைத்த அட்டையின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எடையும் சரி, அப்பா அந்த அளவுக்குள் தாராளமாக வருகிறார்.

மாட்டி, அதன் மேல் பெல்ட்டையும் போட்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். அக்கா, அப்பா நேராக உட்கார்ந்திருந்தார்! நான் கியர் மாற்றும்போதெல்லாம் என் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். சிக்னலில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அந்த டிரைவரைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். யார் என்றே தெரியாத அந்த ஆளும் தூக்கினான்.

ஒரு மாதத்துக்குள் வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு இனி வேலை இல்லை. ஏப்ரல் கடைசி ஞாயிறு கிளம்பட்டுமா? மருமகன் அறையில்தானே அப்பாவுக்குக் கட்டில்? ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, ஜன்னல் பக்கமாகப் போடு. அவருக்குத் தெரு தெரிய வேண்டும்.

எல்லோரும் சுகம். இன்றைக்கு நிஜமாகவே சுகம்.
தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

அச்சைப் பார்த்தேன். வேண்டாம். அந்த வரிசை எண்ணில் வந்தவை பற்றி எங்கள் வட்டாரத்தில் நல்ல பேச்சு இல்லை. விவரமாக எழுதினால் நீளும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. நான் இங்கே விசாரித்து எழுதும்வரை காத்திரு.

லேபில் வேலை அதிகம். மற்றவை பிறகு.
அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “இதைவிட நல்லது எங்க கிடைக்கும்னு உங்க அக்காகிட்டயே கேட்டுச் சொல்லுங்க சார், நானும் வாங்கி வைக்கிறேன்” என்றார் கடைக்காரர். வாடிக்கையாளர் லென்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தால் நானும் இப்படித்தான் பேசுவேன். அதனால் கோபம் வரவில்லை.

உன் கடிதத்தை வாசித்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “அவ சொன்னா சரி” என்றார். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தது இதுதான் முதல் தடவை. பிசியோ அம்மா கைதட்டினார்.

இன்னொன்று. இதைக் கேட்டுப் பயப்படாதே, இப்போது ஒன்றுமில்லை. இவளால் இப்போது காரில் ஏறி உட்கார முடியவில்லை. பயிற்சியை விடவும் மனமில்லை. அதனால் போன செவ்வாய் அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, நெஞ்சைச் சுற்றி ஒரு போர்வையால் சீட்டோடு கட்டினேன். கடைத்தெருவில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் அடித்தேன். வேகமே இல்லை அக்கா, நடக்கிற வேகம்தான். அப்பா அடியில் சறுக்கிவிட்டார். போர்வை கழுத்துக்கு ஏறிவிட்டது. அவரால் கூப்பிட முடியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வலது கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழவில்லை. டீக்கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்து போர்வையை அறுத்தார்.

கழுத்தில் தடம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நீ சொல்லும்வரை காத்திருக்காமல் போர்வையைக் கட்டியது என் புத்திகெட்டத்தனம். உன்னிடம் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. திட்டக்கூட இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாமாவுக்குப் போன் செய்தேன். “அவளுக்கென்ன, காலையில எந்திரிச்சதும் அந்த ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிறா, கூப்பிட்டாலும் காதுல விழல” என்றார்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் லேபில் ஒன்றைத் தள்ளுபடி செய்ய இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதை வாங்கத்தான் போனேன். உன்னைச் சோதிக்க இல்லை. கடைக்காரர் மற்றவர்களுக்கு விற்கிறாரே, கோளாறு என்றால் அவர்களுக்கும் சொல்ல வேண்டுமே என்றுதான் அந்த அச்சின் இன்னொரு பிரதியைப் பிசியோ அம்மாவிடம் காட்டினேன். அவரிடம் வருகிற நாலு பேர் அதே சட்டைதான் போடுகிறார்கள். அதே வரிசை எண். செய்தவர்களுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டார். ஒரு குறையும் இல்லையாம்.

நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. நாம் பெல்ட்டைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோமா என்று ஒரே ஒரு தடவை தோன்றியது. அதோடு விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அக்கா வேறு பெல்ட் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலைப் பார்க்கிறார். இங்கே ஏற்பாடு செய்துவிட்டேன். என் மாமியார் வருகிறார், நான் கடையை அரை நாள் மூடுகிறேன், பயிற்சியை இரண்டு மாதம் நிறுத்திவைக்கிறோம். நீ கவலைப்படாதே. இனி பெல்ட் பற்றி எழுத வேண்டாம். சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது, வாசித்துக் காட்ட.

தம்பி

மே 4

என் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

அச்சைப் பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோடாபுட்டி சரியாகப் பிடித்துவிட்டான் என்று வாய்விட்டே சொன்னேன். அதற்குப் பிறகுதான் கட்டிலை எங்கே போடுவது என்று நீ கேட்டிருந்ததைப் படித்தேன். சின்ன அறையை அளந்து பார்த்தேன். கட்டில் வந்தால் என் நாற்காலி வெளியே போக வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அவர் என்னை அடித்து வளர்த்திருந்தால், படிக்க விடாமல் தடுத்திருந்தால், சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சும். அவரோ லீவு நாளிலும் பஸ் ஓட்டிப் பணம் சேர்த்து என்னைக் காலேஜுக்கு அனுப்பியவர். அவர் வாய் துடைக்க வேண்டும், கழிவறைக்குத் தூக்க வேண்டும் என்பதை நினைத்தும் பயந்தேன். அதையும் மறைக்கவில்லை.

முதல் இரண்டு பெல்ட்டுக்கும் நான் சொன்ன குறைகள் உண்மை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மைகளை எழுதும்போது நிம்மதியாக இருந்தது, தம்பி. பொய் சொன்னதைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மூன்றாவதற்கு உண்மை கிடைக்கவில்லை, கையில் இருந்ததை எழுதிவிட்டேன். அதை நீ சத்தமாக வாசிப்பாய், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்று தெரிந்தே எழுதினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பிரேக்கில் இருந்தது உன் கால், அவ்வளவுதான். போர்வையைக் கட்டியது நான்.

நீ திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை எழுதிச் சமாளித்திருப்பேன். எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டாய். உன் கடிதத்தை லேபுக்கு எடுத்துப் போயிருந்தேன். “என்னம்மா, இன்னைக்கு எதையுமே தள்ளல, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் மீசை.

நேற்று மதியம் இங்கே ஒரு கடையில் அதே சட்டையை வாங்கிவிட்டேன். அட்டையை வரிக்கு வரி படித்தேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். ஞாயிறு விடியும்போது நீ வண்டியை எடு. அப்பா முன் சீட்டில், சட்டையும் அதன் மேல் காரின் பெல்ட்டும் போட்டுக்கொண்டு. நான் அவருக்கு நேர் பின்னால். வழியில் அவருக்கு எது செய்ய வேண்டியிருந்தாலும் நான் செய்கிறேன், நீ ரோட்டைப் பார். இங்கே இறக்கிவிட்டு மறுநாளே திரும்பிவிடு, அவளைத் தனியாக விட வேண்டாம். மாமியாரை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே. குழந்தைக்கு ஆள் வேண்டும். இங்கே பயிற்சி கொடுக்கிறவர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டேன்.

மாமாவிடம் உன்னைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொல்லியிருக்கிறேன். அப்பா வருவதைச் சொல்லவில்லை. லேபில் லீவுக்குச் சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம், மூன்று மாதம் முடிந்து நீ காரை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிப் போக வராதே. பார்க்க வா, எத்தனை தடவை வேண்டுமானாலும் வா. நான் அவரைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இதை மாமாவிடமோ, உன் மருமகனிடமோ, யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. உறையை ஒட்டாமல் மேசையில் வைத்திருக்கிறேன். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. அங்கே நடந்து போய் இதை உள்ளே போடும்வரை உன்னிடமும் சொன்னதாகாது.

அக்கா